வேலிக்கு மேலால் ஒரு கை

மணலில் கத்தரி வராது என்று சொல்கிறவர்களுக்கு மண்வேலை தெரியாது. வரும். நாற்று நட்ட முதல் கிழமை வெயில் படாமல் தென்னோலையால் மறைத்து வைக்க வேண்டும், வேரடி காயக்கூடாது, அவ்வளவுதான். எனக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

தேநீர் வேண்டாம் மிஸ். தண்ணீர் போதும். நீங்கள் சிலாபத்து ஆள் என்று வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் சொன்னார். நல்ல தமிழ் பேசுகிறீர்கள், எனக்கு அது வசதி. நான் அவசரப்படவில்லை, நீங்களும் அவசரப்பட வேண்டாம். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானே பஸ் ஏறி வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பயந்து வந்தாள், மனம் உறுத்தி வந்தாள் என்று பிறகு யாரும் கதை கட்டக்கூடாது.

என் பெயர் உம்மு குல்சூம். காலஞ்சென்ற நஸீமின் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நுரைச்சோலையைத் தாண்டிக் கற்பிட்டிக்குப் போகிற பாதையில், களப்புப் பக்கமாக உள்ள தென்னங்காணி என் வாப்பாவுடையது. இப்போது என்னுடையது. அதன் கிழக்குத் துண்டு மட்டும் சித்தி மரியத்துடையது. சித்தி என்பது உறவுமுறை இல்லை, அவளுடைய பெயரே அப்படித்தான். நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சனங்கள் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. வாப்பா டிரக்டரை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். திரும்பி வரும்போது டிரக்டர்ப் பெட்டி நிறைய ஆட்கள். நனைந்த உடுப்போடு, ஆளுக்கொரு பையோடு. மாட்டுப்பட்டி இருந்த கிழக்குத் துண்டில் அவர்களுக்குக் கொட்டில் போட்டுக் கொடுத்தார். உம்மா பெரிய சட்டியில் சோறாக்கினார். என்னிடம் இரண்டு பெருநாள் சட்டைகள் இருந்தன. ஒன்றை என் வயதுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அந்தப் பிள்ளைதான் சித்தி மரியம். சட்டை என்னைவிட அவளுக்கு வடிவாக இருந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வந்தவர்களில் பலர் பிறகு வேறு இடங்களில் காணி வாங்கிப் போனார்கள். சண்டை முடிந்ததும் சிலர் மன்னாருக்கே திரும்பினார்கள். சித்தி மரியத்தின் குடும்பம் மட்டும் போகவில்லை. வாப்பா மௌத்தாவதற்கு முன் அந்தத் துண்டை அவர்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் கையெழுத்து வைத்தேன். ஆகவே காணிக்காகச் செய்தாள் என்று நீங்கள் எழுதினால் அது பிழை. காணியில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

அவள் நல்ல மனுஷி. அதையும் எழுதுங்கள். அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல என்னால் ஏலாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய புருஷன் உசனார் மீன்பிடிக்கிறவர். உச்சமுனையில் வாடி போட்டுத் தங்குவார், கிழமைக் கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். ஒரே மகள் றிஷ்னா. றிஷ்னாவின் மாப்பிள்ளை கத்தாரில். அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை, அமானி, இரண்டாம் வகுப்பு. அந்த வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் நஸீமும். நஸீம் போன பிறகு நான் மட்டும்.

நஸீம் மௌத்தானதும் நான் இத்தா இருந்த காலம் முழுவதும் சித்தி மரியம்தான் எனக்குச் சமைத்தாள். வெளியே போக முடியாத பெண்ணுக்கு யாராவது சமைத்துத்தான் ஆக வேண்டும். மூன்று நேரமும் கொண்டு வந்து வைத்தாள். தின்னும்வரை பக்கத்தில் இருந்தாள். ஒரு நாள் என் தலையை வாரிவிட்டாள். அவள் கையிலிருந்து நான் எதையாவது வாங்கியது அப்போதுதான் முதல் தடவை. அப்போது எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஒரு கை வாங்கப் பழகிவிட்டால் பிறகு அதை மடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அந்த நேரம் தெரியாது.

பிறகு அந்த வருடம் வந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்களும் கேஸ் வரிசையில் நின்றிருப்பீர்கள். பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, சந்தையில் மரக்கறியைத் தொட முடியாது. வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். நோன்புக்கு முந்திய மாதம், மாரி மழை ஓய்ந்து, வெயில் இன்னும் கடுமையாகாத காலம். எங்கள் பக்கத்தில் விதை போட அதைவிட நல்ல நேரம் இல்லை. விவசாயப் போதனாசிரியர் பள்ளிவாசல் வளவில் வந்து விதை கொடுத்தார். எனக்கும் சேர்த்துச் சித்தி மரியம்தான் வாங்கி வந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் தொடங்கினோம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். வண்ணாத்திவில்லுப் பக்கமிருந்து செம்மண் எடுப்பித்தேன். களப்புக் கரையில் ஒதுங்கும் கடற்புல்லை, சாதாளை என்போம், அள்ளி வந்து, உப்புப் போகக் கழுவி, மண்ணோடு கலந்தேன். ஆட்டுப் புழுக்கையை இடித்துப் போட்டேன். நஸீம் வெங்காயம் செய்தவர், அவரோடு இருந்து எல்லாம் பார்த்தவள் நான். வரப்புக் கட்டினேன், நூல் பிடித்து வரிசையாக நட்டேன். கத்தரி, தக்காளி, மிளகாய், பயற்றை, வெண்டி, ஓரத்தில் பந்தல் போட்டுப் பாகல். நின்று பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

அவள் செய்தது இது. உசனார் கொண்டு வந்த மீனின் செவுளையும் குடலையும் குழியில் போட்டு மூடினாள். அதற்கு மேல் விதையை எறிந்தாள். பேசிக்கொண்டே எறிந்தாள். சில குழியில் என்ன விதை போட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை.

என் கத்தரி இலை சுருண்டது. தக்காளி முழங்கால் உயரம் வந்து வாடி விழுந்தது. பயற்றங்கொடி பூத்தது, காய்க்கவில்லை. போதனாசிரியர் வந்து பார்த்து, செம்மண்ணில் ஏதோ நோய் இருந்திருக்கும் என்றார். பாகல் மட்டும் பந்தலில் ஏறியது. வேலிக்கு அந்தப் பக்கம், பல வருடம் மாடு கட்டிய நிலத்தில், அவளுடைய தோட்டம் காடாக வளர்ந்தது. பசளிக் கீரை தரை தெரியாமல் படர்ந்தது. வெண்டி என் தலைக்கு மேலே போனது. பூசணிக் கொடி வேலியில் ஏறி, என் பக்கம் இறங்கி, என் செத்துப்போன தக்காளி வரிசையில் ஒரு காய் காய்த்தது. அதையும் அவள் என்னையே எடுக்கச் சொன்னாள்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் கிடுகு வேலிக்கு மேலால் ஒரு கை நீளும். கையில் ஒரு சொப்பிங் பை. பசளி, வெண்டி, நாலு மிளகாய், சில நாள் சமைத்த கறியே கோப்பையில் வரும்.

"இந்தா புள்ள, கூடவாப் பறிச்சிட்டன்," என்பாள்.

கூடவாகப் பறிக்கவில்லை. எனக்கென்றுதான் பறித்தாள். எனக்கு வெட்கம் வரக்கூடாது என்று அப்படிச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தி உங்களுக்குப் பிச்சை போட்டால் நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். பிச்சையாகத் தெரியாதபடி மடித்து மடித்துப் போடுகிறவளை என்ன செய்வது? நோன்பு முழுவதும் நான் அவளுடைய கீரையைத் தின்றுதான் நோன்பு பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஒரு வீட்டிலிருந்து கறி வந்தால் அதே கோப்பையில் எதையாவது போட்டுத்தான் அனுப்புவோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது. அந்த மாதங்களில் என்னிடம் சீனியும் இல்லை. நான் கழுவித் துடைத்து வெறும் கோப்பையைக் கொடுத்தேன். அவள் பார்க்காத மாதிரி வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவளும் றிஷ்னாவும் புத்தளத்துக்குக் கிளினிக் போயிருந்தார்கள். நஸீம் கருவாட்டுக்கென்று வாங்கி வைத்த உப்பு ஒரு மூட்டை என்னிடம் கிடந்தது. கரைத்து எடுத்துப் போய் அவளுடைய பயற்றை வரிசைக்கு ஊற்றினேன். பெரிய விஷயமாக நான் அதை நினைக்கவில்லை. இரண்டு தோட்டமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பயற்றை மஞ்சளானது. அடுத்த கிழமை அவள் என் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"எங்கட கெணத்துல உப்பு ஏறிட்டுது போல. ஒன்ட தண்ணியக் கொஞ்சம் பாப்பம் குல்சூம். ஒனக்கும் பழுதாப் போனா நீ எங்க போவாய்?"

என் கிணற்றில் அள்ளி அவளே நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான், அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டாள். அவளுடைய முகத்தில் இருந்தது உண்மையான சந்தோஷம். நோன்பு முடிகிற நேரம் மழை பெய்தது. மணலில் உப்பு நிற்காது மிஸ். பயற்றை திரும்பத் துளிர்த்தது.

பிறகு ஆடு. மக்பூலின் ஆடுகள் எங்கள் ஒழுங்கையில் அலையும். எல்லாரும் படலையைச் சாத்தி வைப்போம். ஒரு பகலில் நான் அவளுடைய படலையைத் திறந்து விட்டேன். ஒரு தாய் ஆடும் இரண்டு குட்டிகளும் உள்ளே போய் வயிறு முட்டத் தின்றன. அவள் வந்து கண்டாள். விரட்டவில்லை. ஆட்டை நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, மக்பூலுக்குச் சொல்லி அனுப்பினாள். பாவம், அதுக்கும் பசிதானே என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஆடு கடித்த வெண்டி கிளை விட்டு முன்னையைவிட அடர்த்தியாக வந்தது. நான் இதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருத்தி முடிவாக ஒரு காரியம் செய்வதற்கு முன் சின்னதாக என்னென்ன செய்து பார்த்தாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் செய்கிற ஆள் நான் இல்லை.

வாங்காமலும் இருந்து பார்த்தேன். வயிறு சரியில்லை, கீரை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு காலை பையைத் திருப்பி அனுப்பினேன். அன்று அவள் அழுதாளாம். தான் என்ன பிழை செய்தேனோ என்று றிஷ்னாவிடம் கேட்டுக் கேட்டு அழுதாளாம். றிஷ்னா வந்து சொன்னாள். மறுநாள் பையைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினாள். அமானி வாசலில் நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தது. பிள்ளை நீட்டுவதை எப்படி வேண்டாம் என்பது? அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பிள்ளைதான் கொண்டு வந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொஞ்சம் முந்தி போதனாசிரியர் புத்தளத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார். வீட்டுத் தோட்டம் பார்க்க. ஊர்ப் பெண்களும் கூடிவிட்டார்கள். பெற்றோல் இல்லாத நாளில் இரண்டு வேன் வந்தால் யார்தான் வரமாட்டார்கள். சித்தி மரியத்தை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான் என் குசினி யன்னலில் நின்று பார்த்தேன். அவள் வேலியடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன். அவளே சுற்றி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

யாரோ ஒரு பெரியவர் இந்தக் காணி யாருடையது என்று கேட்டார்.

அவள் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இது இவட வாப்பா தந்த காணி சேர். உடுத்த உடுப்போட வந்து எறங்கின எங்களுக்குத் தந்தார். இவக்கு இப்ப ஆருமில்ல. அண்டைக்கு இவட வாப்பா எங்களப் பாத்தார். இண்டைக்கு நாங்க இவவப் பாக்கிறம்."

பெண்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் எங்கள் குசினியில் சோறு தின்று வளர்ந்தவர்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, பாவம் என்று சொன்னது கேட்டது. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன், நீங்கள் வேண்டுமானால் பாருங்கள்.

கோபத்தில் செய்தாள் என்று எழுத வேண்டாம். கோபம் அன்று பொழுதுபடுமுன் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வந்தது ஒரு தெளிவு. எங்கள் குடும்பம் கொடுத்த குடும்பம். வாப்பா கொடுத்தார், உம்மா கொடுத்தார், நான் கொடுத்தேன். அது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதை அவள் எடுத்துக்கொண்டாள். தெரியாமல்தான் எடுத்தாள், அன்பாகத்தான் எடுத்தாள். ஆனால் எடுத்தாள். காணியை எடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

நஸீம் வெங்காயத்துக்கு அடித்த மருந்தில் ஒரு போத்தல் வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கிடந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள், மேலே ஒட்டியிருந்த தாள் அழிந்துபோயிருந்தது. நீங்கள் எடுத்துப் போய்ப் பரிசோதிக்கலாம், இப்போது குசினியில் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அப்படிப் பார்க்க வேண்டாம் மிஸ். இந்தக் கரையில் மருந்துப் போத்தல் இல்லாத வீடு எது? இன்றைக்கு அடித்து நாளைக்கு லொறியில் ஏற்றுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். கொழும்பில் முகம் தெரியாத யாரோ தின்கிறார்கள். அவர்களை யாராவது இந்தக் கதிரையில் உட்கார வைத்தார்களா? நான் முகம் தெரிந்த ஒருத்திக்குக் கொடுத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பாகற்காய்க் கறி ஆக்கினேன். உப்பிட்டுப் பிசைந்து, பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு, கட்டிப் பாலில் வற்ற விட்டு, மாசி இடித்துத் தூவினேன். நல்ல கறியாகத்தான் வந்திருக்கும். என் வாழ்க்கையில் ருசி பார்க்காமல் இறக்கிய கறி அது ஒன்றுதான்.

அவளுடைய கோப்பை ஒன்று என் ராக்கைத் தட்டில் இருந்தது. அதில் ஊற்றி மூடி, ஜும்மாவுக்குப் பாங்கு சொல்கிற நேரம் வேலியடியில் போய் நின்று கூப்பிட்டேன். அந்த வருடத்தில் வேலிக்கு மேலால் ஒன்றைக் கொடுக்க நான் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. சித்தி மரியம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"ஒன்ட பந்தல்ல காய்ச்சதா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

"நான் சென்னன் தானே புள்ள, ஒனக்கும் வருமெண்டு."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த நேரம் எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மனக்கசப்பும் இருக்கவில்லை. நான் வீட்டுக்குள் வந்து, கையைக் கழுவி, லுஹர் தொழுதேன்.

சத்தம் கேட்க வெகு நேரம் ஆகவில்லை. றிஷ்னா ஒழுங்கையில் ஓடினாள். அவள் இரண்டு வாய்தான் தின்றிருந்தாளாம், கத்தாரிலிருந்து போன் வந்ததும் எழுந்து போய்விட்டாளாம். அதனால் தப்பினாள். பள்ளியிலிருந்து வந்த ஆம்பிளைகள் கூடினார்கள். முச்சக்கர வண்டிகள் இரண்டு நின்றன, இரண்டிலும் பெற்றோல் இல்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார்கள். என் குசினியில் கேனில் கொஞ்சம் இருந்தது. தோட்டத்துத் தண்ணீர்ப் பம்புக்காக வைத்தது. என் வீட்டுக்கு யாரும் வந்து கேட்கவில்லை, தனியாக இருக்கிற பெண்ணிடம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கடைசியில் மரக்கறி ஏற்ற வந்த லொறி ஒன்றை மறித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தி மரியம் வழியிலேயே முடிந்துவிட்டாள். மறுநாள் அஸருக்குப் பிறகு இரண்டு ஜனாஸா எடுத்து அடக்கினார்கள்.

நான் அந்த வீட்டில் மூன்று நாளும் இருந்தேன். வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன், பாய் விரித்தேன். உங்கள் ஆட்கள் வந்து அவளுடைய தோட்டத்தில் இலையும் காயும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கறி என் வீட்டிலிருந்து வந்தது என்று றிஷ்னா ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள். என்னிடமும் வந்து கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்குள் உசனார் எழுந்து நின்று அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணினார். குல்சூம் எங்கட மனுஷி, அவ வேணுமெண்டு செய்யமாட்டா, பக்கத்துத் தோட்டத்துக்கு அடிச்ச மருந்து காத்துல வந்து பந்தல்ல பட்டிருக்கும் என்று அவரே உங்கள் ஆட்களுக்கு விளக்கம் சொன்னார். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டு போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதிரையில் இருக்க மாட்டேன்.

இன்று காலை நான் குசினியில் இருந்தேன். வேலியடியில் யாரோ செருமினார்கள். உசனார். தாடி எல்லாம் நரைத்துப் போய், கிழவராகி நின்றார். கிடுகுக்கு மேலால் ஒரு பையை நீட்டினார். உள்ளே பசளி.

"அவ நட்டது," என்றார். "முத்திப் போவுது. நீங்க ஆக்கித் தின்னுங்க. ஒங்களுக்குக் குடுக்காம அவ ஒரு நாளும் இருந்ததில்ல தானே."

வாங்கினேன். வேறு என்ன செய்வது. பையைக் கொண்டு போய் மேசையில் வைத்தேன். அபாயாவைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, சந்திக்கு நடந்தேன். பஸ் நெருக்கமாக வந்தது, கற்பிட்டிவரை நின்றுகொண்டுதான் வந்தேன். அவர்கள் என்னை மன்னித்தபடியே, எனக்குக் கொடுத்தபடியே இருப்பார்கள், நான் வாங்கித் தின்றுகொண்டே கிடந்து சாவேன் என்றால் அது எனக்கு வேண்டாம். அவர்களுக்குத் தெரியட்டும். என்னை வெறுக்கட்டும். அந்த வெறுப்பை நானே உழைத்துச் சம்பாதித்தேன், அது யாரும் எனக்குத் தந்ததில்லை. தூக்குக்கு அனுப்பினாலும் நான் அழமாட்டேன். சித்தி மரியத்துக்கு நான் செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் கேட்காமல் வைத்திருக்கிறது என்னவென்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பற்றி. கேளுங்கள், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. நான் பிள்ளைகளைக் கொல்கிறவள் இல்லை. அன்று என் குசினியில் வெண்டி இருந்தது, பூசணி இருந்தது, எல்லாம் அவள் தந்தது. அதில் எதையும் நான் ஆக்கியிருக்கலாம். பாகற்காயைத்தான் எடுத்தேன். ஏனென்றால் அமானி பாகற்காய் தின்னாது. கைக்குதென்று அதைக் கண்டாலே எழுந்து ஓடும், ஊருக்கே தெரியும். அதை யோசித்துத்தான் நான் செய்தேன். யோசிக்காதவள் பூசணியை ஆக்கியிருப்பாள். அந்தப் பிள்ளைக்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று நீங்கள் தாராளமாக எழுதலாம், நான் கீழே கையெழுத்து வைக்கிறேன்.

வேறு கறி இல்லாத வருடம் மிஸ். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் தின்னப் பழகின. முதல்நாள் வியாழக்கிழமை அது பையைத் தந்துவிட்டு என் பந்தலுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. உம்மும்மா, எனக்கு இப்ப பாவக்காயும் தின்ன ஏலும் என்றது. கெட்டிக்காரி என்று தலையைத் தடவினேன். எந்தக் காய் வேணும் என்று கேட்டேன். அது விரலால் காட்டிய இரண்டையும் அன்றைக்கே பறித்து வைத்தேன்.